ஒளியால் வெளியேறும் இலத்திரனின் வேகம்: ஒரு கணக்கின் வரலாறு

உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் பயிலும் மாணவர் யாவரும் ஒரு கணக்கை நன்கறிவர். ஓர் உலோகத்தின்மீது இன்ன அலைநீளமுடைய ஒளி விழுகின்றது. அவ்வுலோகத்தின் வேலைச்சார்பு இவ்வளவு. அதிலிருந்து வெளியேறும் இலத்திரனின் உச்ச வேகம் யாது? இதுவே அக்கணக்கு. சூத்திரத்தை மனனஞ் செய்த மாணவன் ஐந்து வரிகளில் விடை காண்கின்றான். விடை சரியாயின் மகிழ்கின்றான். பிழையாயின் சூத்திரத்தை மீண்டும் மனனஞ் செய்கின்றான். அவ்வைந்து வரிகளும் எங்கிருந்து வந்தன என்று அவன் வினவுவதில்லை. வினவுமாறு நாமும் அவனைத் தூண்டுவதில்லை.

அவ்வைந்து வரிகளும் முடிவுபெற 1887 முதல் 1916 வரை இருபத்தொன்பது ஆண்டுகள் சென்றன. ஒவ்வொரு வரியும் ஒவ்வோர் ஐயத்தின் தீர்வு. அவ்வையங்களை வந்த முறையிலே அறிந்துகொள்பவனுக்குச் சூத்திரம் தானே விளங்கும். அறியாதவனுக்கோ, அது என்றும் இரவற்பொருளே. ஆதலின் இக்கட்டுரையில் அக்கணக்கின் வரலாற்றை முறையாக நோக்கி, பின்னர் அவ்வரலாற்றின் துணைகொண்டே கணக்கையும் செய்து காண்பாம். அது நம் தமிழிலே வந்து சேர்ந்த வழியையும், அதில் நம் திருகோணமலைக்கு உள்ள தொடர்பையும் ஈற்றிற் கூறுவாம்.

தற்செயலாகத் தோன்றிய வினா

1887ஆம் ஆண்டில் ஜேர்மனியிலுள்ள கார்ல்ஸ்றூ நகரிலே ஹைன்றிச் ஹேர்ட்ஸ் என்னும் அறிஞர் மின்காந்த அலைகளைப் பற்றிய சோதனைகளிலே ஈடுபட்டிருந்தார். ஓரிடத்தில் மின்பொறியை உண்டாக்கி, அதனால் எழும் அலை தூரத்திலுள்ள ஒரு கம்பி வளையத்தின் சிறு இடைவெளியிலே வேறொரு பொறியைத் தோற்றுவிப்பதை அவர் நோக்கினார். அச்சிறு பொறியைத் தெளிவாகக் காணும்பொருட்டு அதனை இருண்ட பெட்டியொன்றினால் மூடியபோது, எதிர்பாராத விளைவொன்று நிகழ்ந்தது, பொறி குறுகியது. பெட்டியின் எப்பக்கம் இதற்குக் காரணம் என்று ஆராய்ந்தவர், முதற்பொறியின் ஒளியை மறைக்கும் பக்கமே காரணம் எனக் கண்டார். இடையே கண்ணாடியை வைத்தாலும் பொறி குறுகியது. படிகக்கல்லாகிய குவாட்சை வைத்தாற் குறுகவில்லை. கண்ணாடி தடுப்பதும் குவாட்சு விடுவதும் கண்ணுக்குப் புலனாகாத ஊதாகடந்த ஒளியை. ஆகவே அவ்வொளி உலோகத்திலே யாதோ ஒன்றைச் செய்கின்றது என்பது உறுதியாயிற்று. தாம் கண்டதைக் கண்டவாறே எழுதி வெளியிட்ட ஹேர்ட்ஸ், அதற்குக் காரணங் கற்பிக்க முற்படவில்லை.

அடுத்த ஆண்டில் வில்ஹெல்ம் ஹால்வாக்ஸ் என்பவர் வினாவை எளிமையாக்கினார். துலக்கிய துத்தநாகத் தகடொன்றைப் பொன்னிலை மின்காட்டியுடன் இணைத்து, அதற்கு மறையேற்றம் ஊட்டி, மின்வில் விளக்கின் ஒளியை அதன்மீது விழவிட்டார். ஏற்றம் விரைவில் நீங்கியது. நேரேற்றம் ஊட்டியபோதோ அவ்வாறு நீங்கவில்லை. ஒளி பட்ட உலோகத்திலிருந்து வெளியேறுவது மறையேற்றமே என்பது இதனாற் பெறப்பட்டது.

இவ்விடத்தில் இரு பள்ளி ஆசிரியரை நினைவுகூர்தல் தகும். ஜேர்மனியின் வொல்பன்பியூற்றெல் என்னும் சிற்றூரின் உயர்பள்ளியிலே கற்பித்துவந்த யூலியஸ் எல்ஸ்ரர், ஹான்ஸ் கைற்றெல் என்னும் நண்பர் இருவரும் 1889 முதல் இவ்விளைவை ஆராய்ந்தனர். துத்தநாகம் ஊதாகடந்த ஒளிக்கே பணிய, சோடியம், பொற்றாசியம் ஆகிய உலோகங்கள் கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கும் மின்னை வெளிவிடும் என்பதை அவர்களே கண்டனர். முதன்முதல் ஒளிமின் கலங்களை ஆக்கியவரும் அவர்களே. பல்கலைக்கழகத்துப் பெருங்கூடங்கள் இன்றியும் ஒரு பள்ளிக்கூடத்து அறையிலே புதுமை காணலாம் என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர். பேசும் படச் சுருளின் ஓரத்திலுள்ள ஒலித்தடத்தை ஒலியாக மாற்றிய கருவி, நெடுங்காலம் இவர்களுடைய கலத்தின் வழித்தோன்றலே ஆகும்.

வேகத்தை அளந்த விதம்

வெளியேறுவது மறையேற்றம், ஆனால் அதைச் சுமந்து செல்வது யாது? 1897இல் இலத்திரனின் இயல்பை நிறுவிய ஜே. ஜே. தொம்சன், 1899இல் ஊதாகடந்த ஒளி பட்ட துத்தநாகத்திலிருந்து வெளிவரும் துகள்களின் ஏற்றத்துக்கும் திணிவுக்கும் உள்ள விகிதத்தை அளந்து, அவையும் இலத்திரன்களே எனக் காட்டினார். இனி எழுந்த வினா, அவை எவ்வளவு வேகத்தோடு வெளிவருகின்றன என்பதே.

மாணவர் இங்கே சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். விநாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் செல்லும் ஒரு நுண்டுகளை எந்தக் கடிகாரங் கொண்டு அளப்பது? பிலிப் லெனாட் என்னும் அறிஞர் 1902இல் வெளியிட்ட ஆய்விற் கையாண்ட வழி மிக எளியது. ஒருவன் கல்லொன்றை நேர்மேலே எறிகின்றான் எனக் கொள்வோம். அக்கல் 20 மீற்றர் உயரமுள்ள பனையின் உச்சியை எட்டி நின்று மீள்கின்றது. கடிகாரம் எதுவுமின்றியே, எறிந்தபோது அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 20 மீற்றர் என்று நாம் கூறிவிடலாம்; உயரம் வேகத்தைச் சொல்லிவிடும். லெனாட்டும் இலத்திரனை மின்னழுத்தம் என்னும் மேட்டிலே ஏறவிட்டார். ஒளி படும் தகட்டுக்கு எதிரே வேறொரு தகட்டை வைத்து, அதற்கு மறையழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். மெதுவாக வந்த இலத்திரன்கள் முதலில் திரும்பின. விரைந்து வந்தவை பின்னர்த் திரும்பின. ஒன்றேனும் எட்டாதபடி மின்னோட்டம் அற்றுப்போன அழுத்தம் எதுவோ அதுவே நிறுத்தல் அழுத்தம். அது 2 உவோற்று ஆயின், மிக விரைந்த இலத்திரனின் இயக்கச் சத்தி 2 இலத்திரன் உவோற்று. வேறு கணக்கு ஒன்றும் வேண்டியதில்லை.

ஆகவே நம் கணக்கிலே “உச்ச வேகம்” என்று வினவப்படுவதன் காரணமும் இதுவேயாம். உலோகத்தினுள்ளே ஆழத்திலிருந்து வரும் இலத்திரன்கள் வழியிற் சத்தியை இழந்து மெதுவாக வெளிப்படுகின்றன. எல்லா வேகங்களும் அக்கூட்டத்திலே உண்டு. நிறுத்தல் அழுத்தம் காட்டுவது அவற்றுள் முந்தியதன் சத்தியை மட்டுமே.

இவ்வாறு அளந்தபோது லெனாட் கண்டது, அக்கால அறிஞரைத் திகைக்கச் செய்தது. அவர் தம் மின்வில் விளக்கின் செறிவை ஏறக்குறைய ஆயிரம் மடங்கு மாற்றிப் பார்த்தார். வெளியேறும் இலத்திரன்களின் தொகை செறிவுக்கேற்பக் கூடியது. ஆனால் நிறுத்தல் அழுத்தம் மாறவில்லை. அதாவது உச்ச வேகம் ஒளியின் செறிவால் ஒரு சிறிதும் கூடவில்லை. ஒளியின் வகையை மாற்றியபோதே அது மாறியது.

இதிலுள்ள முரணை நம் ஊரவருக்கு விளக்குதல் எளிது. மார்கழி மாதத்திலே வாடைக்காற்று வீசும்போது வெளிக்கடலில் அலை மலைபோல் எழுகின்றது. அங்கே தோணி தூக்கியெறியப்படும். அதே நேரத்தில் உட்டுறைமுகத்து நீர் குளத்து நீர்போல் அமைந்திருக்கும். அங்கே தோணி மெல்ல அசையும். அலை பெரிதாயின் எறியும் வலிமையும் பெரிது என்பது கடலோடு வாழ்வோர் யாவரும் கண்ட உண்மை. ஒளியும் அலை என்பதை அக்காலத்தவர் ஐயமின்றி நிறுவியிருந்தனர். அவ்வாறாயின் செறிந்த ஒளி இலத்திரனை விரைவாக எறியவேண்டும். மங்கிய ஒளி மெதுவாக எறியவேண்டும். லெனாட் கண்டதோ, சிற்றலையும் பேரலையும் தோணியை ஒரே வேகத்தோடு எறியும் ஒரு கடலை. இம்முரணைத் தீர்க்க அவர், இலத்திரன் அவ்வேகத்தை அணுவினுள்ளே முன்னரே பெற்றிருக்கின்றது, ஒளி அதனைத் திறந்துவிடுவது மட்டுமே செய்கின்றது என்று கருதினார். சோதனை செவ்வையானது, விளக்கமோ நிலைக்கவில்லை.

கூலியும் மீதியும்

அலுவல் நிமித்தம் சுவிற்சலாந்தின் பேர்ண் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாந் தரத் தொழில்நுட்ப உத்தியோகத்தராயிருந்த அல்பேட் ஐன்ஸ்ரைன், 1905ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, தமது இருபத்தாறாம் வயதில், இதற்கு வேறொரு விடை கூறினார். 1900ஆம் ஆண்டு திசெம்பரில் மாக்ஸ் பிளாங்க், வெப்பப் பொருள்களின் ஒளிர்வை விளக்கும்பொருட்டுச் சத்தி சிறு சிறு கூறுகளாகவே கணக்கிடப்படவேண்டும் எனக் கொண்டிருந்தார். ஐன்ஸ்ரைன் அதனினும் ஒருபடி மேலே சென்று, ஒளியே அவ்வாறு கூறுகளாக வருகின்றது எனக் கொண்டார். விநாடியில் நிகழும் அதிர்வுகளின் தொகையாகிய மீடிறன் எவ்வளவோ, அதற்கு விகிதமானது ஒவ்வொரு கூற்றின் சத்தியும். ஓர் இலத்திரன் ஒரு கூற்றையே முழுதாகப் பெறும். உலோகத்தை விட்டு நீங்குதற்கு ஒரு பகுதியைச் செலவிடும். எஞ்சியதே அதன் இயக்கச் சத்தி.

தோணித்துறை ஒன்றைக் கற்பனை செய்வோம். அங்கே ஒவ்வொருவரும் கையில் ஒரேயொரு நாணயத்தோடு வருகின்றனர்; ஒருவர் நாணயத்தை மற்றவருக்குக் கொடுத்தல் ஆகாது. கூலி ஆறு ரூபா. ஐந்து ரூபா நாணயத்தோடு ஆயிரம் பேர் வந்தாலும் ஒருவரும் அக்கரை சேரார். பத்து ரூபா நாணயத்தோடு ஒருவர் வந்தால் அவர் கடந்து செல்வார். அவர் கையில் நான்கு ரூபா மீதியாயிருக்கும். அத்தகையோர் நூறு பேர் வந்தால் கடப்பவர் தொகை நூறாகுமேயன்றி, ஒருவர் கையிலுள்ள மீதி நான்கு ரூபாவினின்றும் கூடாது. நாணயத்தின் பெறுமதி மீடிறன், வருபவர் தொகை செறிவு, கூலி வேலைச்சார்பு, மீதி இயக்கச் சத்தி. லெனாட் கண்ட புதிர் முழுவதும் இவ்வளவில் அவிழ்ந்துவிடுகின்றது. ஒருவர்க்கும் மீதியின்றிக் கூலி மட்டும் சரியாய் அமையும் மீடிறனே நுழைவாய் மீடிறன்.

ஒளிமின் விளைவைப் பற்றிய முதற் கணக்கைச் செய்தவரும் ஐன்ஸ்ரைனே என்பதைப் பலர் அறியார். ஞாயிற்றின் ஒளிமாலை ஊதாகடந்த பக்கத்தில் முடியும் எல்லையை அவர் எடுத்துக்கொண்டார். அதன் மீடிறன் விநாடிக்கு 1.03 × 10¹⁵. கூலியை முதலில் பூச்சியமாகக் கொண்டு கணக்கிட்டு, நிறுத்தல் அழுத்தம் 4.3 உவோற்று எனப் பெற்றார். லெனாட்டின் அளவுகளோடு இது பருமன் அளவில் ஒத்திருக்கின்றது என்று காட்டியதோடு அமைந்தார்.

அவ்வெண்ணைக் கொண்டு நாமும் ஒன்றை அறியலாம். துத்தநாகத்தின் வேலைச்சார்பும் ஏறக்குறைய 4.3 இலத்திரன் உவோற்றே. அஃதாவது, நண்பகலில் நம் ஊர்த் துத்தநாகப் பூச்சுத் தகரக் கூரைகளின்மேல் எத்துணை வெயில் கொளுத்தினும், அவ்வெயிலின் மிக வலிய கூறுகூடத் துத்தநாகத்தின் வாயிற்படி வரையிலேயே வந்து நிற்கின்றது. மீதி ஒன்றும் இல்லை. கூரையைச் சுட்டெரிக்கும் வெயிலால் இயலாததை ஹால்வாக்ஸின் சிறு மின்வில் விளக்கு செய்தமைக்குக் காரணம் இதுவே. அவ்விளக்கின் ஒளியிலே மேலும் உயர்ந்த மீடிறனுடைய கூறுகள் இருந்தன.

நம்பாதவர் தந்த சான்று

ஐன்ஸ்ரைனின் கூற்றை அக்காலத்தறிஞர் பெரும்பாலார் ஏற்றிலர். ஏற்காதவருள் ஒருவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்து றொபேட் மில்லிக்கன். இலத்திரனின் ஏற்றத்தை எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்து புகழ்பெற்ற அவர், இச்சமன்பாடு பிழை எனக் கருதியே அதனைச் சோதிக்கலானார். அச்சோதனையில் அவர் ஏறக்குறைய பத்து ஆண்டுகளைச் செலவிட்டார். உலோகத்தின் மேற்பரப்பிலே காற்றுப் பட்டவுடன் படலம் படிந்து அளவு கெட்டுவிடும். ஆதலால் அவர் வளிநீக்கிய கண்ணாடிக் கலத்தினுள்ளேயே கத்தியொன்றை அமைத்து, வெளியிலிருந்து காந்தத்தால் அதனை இயக்கிச் சோடியம், பொற்றாசியம், இலிதியம் ஆகியவற்றின் மேற்பரப்பைச் சீவிப் புதுப்பித்து அளந்தார்.

மீடிறனை ஓர் அச்சிலும் நிறுத்தல் அழுத்தத்தை மற்றோர் அச்சிலும் குறித்தபோது புள்ளிகள் நேர்கோட்டில் அமைந்தன. உலோகத்துக்கு உலோகம் கோடு இடம் பெயர்ந்ததேயன்றிச் சாய்வு மாறவில்லை. அச்சாய்விலிருந்து 1916இல் அவர் பெற்ற பிளாங்கின் மாறிலி 6.57 × 10⁻³⁴ யூல் விநாடி. 2019ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி முதல் உலக அளவை முறையிலே இம்மாறிலி 6.62607015 × 10⁻³⁴ என நிலையாக வரையறுக்கப்பட்டுள்ளது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. தாம் பிழையென்று காட்டப் புகுந்ததைத் தம் கையாலேயே மெய்ப்பித்தார் மில்லிக்கன். அதன் பின்னரும் ஒளி கூறுகளாக வருகின்றது என்னும் கருத்தை அவர் உடனே ஏற்கவில்லை. ஆயினும் தம் விருப்பத்துக்கு மாறான அளவுகளை மறைக்கவுமில்லை. அறிவியலறம் என்பது இதுவன்றோ?

1921ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு 1922இல் ஐன்ஸ்ரைனுக்கு அளிக்கப்பட்டபோது, சிறப்பாகச் சுட்டப்பட்டது ஒளிமின் விளைவின் விதியே. 1923இல் மில்லிக்கனும் அப்பரிசைப் பெற்றார். இதற்கிடையே நம் அயலிலும் இவ்வரலாற்றின் ஓர் அதிகாரம் எழுதப்பட்டது. டாக்காப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த சத்தியேந்திரநாத போஸ், பிளாங்கின் விதியை மாணவருக்குக் கற்பிக்கும்போது அதற்கு வழங்கிய நிறுவல்களில் மனநிறைவு கொண்டிலர். ஒளிக் கூறுகளைப் புதிய முறையில் எண்ணி அவ்விதியைத் தாமே நிறுவி, 1924இல் ஐன்ஸ்ரைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்ரைன் அதனைத் தாமே ஜேர்மன் மொழியிலாக்கி வெளியிடுவித்தார். மாணவருக்கு விளங்கவைக்க வேண்டும் என்ற முயற்சி, ஆசிரியரையே ஆராய்ச்சியாளராக்கியது.

கணக்கைச் செய்து காண்போம்

இனி நம் கணக்கை எடுத்துக்கொள்வோம். சோடியத்தின் வேலைச்சார்பு 2.28 இலத்திரன் உவோற்று. அதன்மீது 400 நனோமீற்றர் அலைநீளமுடைய ஊதா ஒளி விழுகின்றது. உச்ச வேகம் யாது?

முதலாவது, நாணயத்தின் பெறுமதி. 1240 என்னும் எண்ணை அலைநீளத்தின் நனோமீற்றர் எண்ணால் வகுத்தால், ஒரு கூற்றின் சத்தி இலத்திரன் உவோற்றிற் கிடைக்கும். 1240ஐ 400ஆல் வகுக்க 3.10. இது பிளாங்க் தந்த வரி.

இரண்டாவது, கூலியைக் கழித்தல். 3.10இலிருந்து 2.28ஐக் கழிக்க 0.82. இது ஐன்ஸ்ரைன் தந்த வரி. இவ்வெண்ணே நிறுத்தல் அழுத்தம் 0.82 உவோற்று என்பதையும் கூறும்; அது லெனாட் தந்த வரி.

மூன்றாவது, அலகு மாற்றம். ஓர் இலத்திரன் உவோற்று 1.602 × 10⁻¹⁹ யூல் ஆதலின், 0.82 இலத்திரன் உவோற்று 1.31 × 10⁻¹⁹ யூல். இலத்திரனின் ஏற்றத்தை அளந்த மில்லிக்கனின் வரி இது.

நான்காவது, வேகம். இயக்கச் சத்தியை இருமடங்காக்கி, இலத்திரனின் திணிவாகிய 9.11 × 10⁻³¹ கிலோகிராமால் வகுத்து, வர்க்கமூலம் காணவேண்டும். விடை விநாடிக்கு 5.4 × 10⁵ மீற்றர். அதாவது 540 கிலோமீற்றர். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வீதிவழி ஏறக்குறைய 260 கிலோமீற்றர். ஒரு விநாடியிலே கொழும்புக்குச் சென்று மீளும் வேகம் இது. எனினும் ஒளியின் வேகத்திலே ஐந்நூற்றைம்பதில் ஒரு பங்குதான். ஆதலால் நியூற்றனின் சூத்திரத்தையே தயக்கமின்றிக் கையாளலாம். மிக வலிய ஊடுகதிர்களால் வெளியேறும் இலத்திரன்களுக்கு மட்டுமே சார்புக் கொள்கையின் சூத்திரம் வேண்டப்படும்.

இனி ஒளியை மட்டும் மாற்றிப் பார்ப்போம். 500 நனோமீற்றர் ஒளிக்குச் சத்தி 2.48, மீதி 0.20; வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 265 கிலோமீற்றர். கூற்றின் சத்தி ஐந்திலொரு பங்கே குறைந்தது, வேகமோ பாதியாயிற்று. மறுபுறத்தில், மீடிறனை இருமடங்காக்கி 250 நனோமீற்றர் ஒளியை எடுத்தால் சத்தி 4.96, மீதி 2.68. மீடிறன் இருமடங்காக, மீதி பதின்மூன்று மடங்குக்கு மேலாயிற்று. வேகம் மூன்றரை மடங்குக்குச் சற்று மேலாயிற்று. மீடிறனை இருமடங்காக்கினால் இயக்கச் சத்தியும் இருமடங்காகும் என்று எழுதும் மாணவன், கூலியை மறந்தவனாவான்.

மற்றொன்று. வீதிகளில் மஞ்சள் ஒளி வீசிய சோடிய விளக்கின் அலைநீளம் 589 நனோமீற்றர். அவ்வொளி சோடியத்தின்மீதே பட்டால் வெளியேறும் இலத்திரனின் வேகம் யாது? சத்தி 2.10, கூலி 2.28. சோடியம் வெளியிட்ட ஒளியாயினும் சோடியத்திலிருந்து ஓர் இலத்திரனையேனும் அதனால் வெளியேற்ற இயலாது. மனனஞ் செய்த மாணவன் இங்கே மறை எண்ணுக்கு வர்க்கமூலம் காண முயன்று இடர்ப்படுவான். அல்லது மறைக்குறியை நீக்கிவிட்டு ஒரு வேகத்தை எழுதிவிடுவான். வரலாற்றை அறிந்தவனோ, “இலத்திரன் வெளியேறாது” என்று ஒரு வரியில் விடை எழுதுவான். விளக்கை ஆயிரம் மடங்கு செறிவாக்கினாலும் விடை அதுவே.

வினாத்தாள்களிலே மாணவர் இழைக்கும் பிழைகள் பெரும்பாலும் மூன்று. செறிவு கூடினால் வேகம் கூடும் என்று கொள்வது முதலாவது. அது 1902க்கு முந்திய கருத்து. கழிக்குமுன் வர்க்கமூலம் காண்பது இரண்டாவது. சத்தியைச் சத்தியிலிருந்து கழிக்கலாமேயன்றி, வேகத்தை வேகத்திலிருந்து கழித்தல் ஆகாது. இலத்திரன் உவோற்றை யூலாக மாற்றாமலே திணிவால் வகுப்பது மூன்றாவது. விடை ஒளியின் வேகத்தையும் விஞ்சுமாயின், எங்கோ அலகு தவறியது என்று மாணவன் தானே உணர்ந்து திரும்பிச் செல்லவேண்டும்.

தமிழிலே வந்த வழி

இக்கணக்கை நாம் இன்று தமிழிலே செய்கின்றோம். அது தானாக வந்த பேறன்று. இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதருமாகிய விபுலாநந்த அடிகளார், யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளிலே கற்பித்தபின் துறவு பூண்டு, 1925இல் இராமகிருஷ்ண சங்கத்தின் பணியை ஏற்று ஈழத்துக்கு மீண்டார். அச்சங்கம் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்றபோது, அதன் அதிபராக அமர்ந்து அதனை வளர்த்தவர் அவரே. 1936இல் சென்னையிலே கலைச்சொற்களை ஆக்குதற்கெனக் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அம்முயற்சியின் பயனாகிய கலைச்சொற் றொகுதி 1938இல் வெளிவந்தது. இயற்றமிழையும் இயற்கை விஞ்ஞானத்தையும் ஒருங்கே கற்ற ஒருவர் அத்தலைமைக்கு அமைந்தது தமிழ் செய்த தவம் எனலாம்.

பின்னர் 1950களிலும் 1960களிலும், பள்ளிகளிலே தாய்மொழி வழியாக விஞ்ஞானம் கற்பிக்கப்படலானபோது, இலங்கை அரசின் மொழித் திணைக்களத்தார் பாடந்தோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டனர். மீடிறன், திணிவு, இலத்திரன் முதலிய சொற்கள் நம் பாடநூல்களில் நிலைபெற்றன. சத்தியின் சிறு கூற்றுக்கு நம்மவர் “சொட்டு” என்று பெயரிட்டமை பெரிதும் பாராட்டத்தக்கது. ஓடும் நீர்போலத் தோன்றும் ஒளி உண்மையிலே துளித்துளியாக விழுகின்றது என்னும் ஐன்ஸ்ரைனின் கருத்து முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழகத்து நூல்கள் மீடிறனை அதிர்வெண் என்றும், சத்தியை ஆற்றல் என்றும், இலத்திரனை எலக்ட்ரான் என்றும் வழங்கும். இவற்றால் இடர் இல்லை. ஒருமுறை கேட்டால் விளங்கும். ஆனால் “நிறை” என்னும் சொல் அங்கே திணிவைக் குறிக்க, இங்கே பாரத்தைக் குறிக்கின்றது. தமிழகத்து நூலிலே இலத்திரனின் நிறை 9.11 × 10⁻³¹ என்று கண்ட நம் மாணவன், அதனைப் பாரம் எனக் கொண்டு புவியீர்ப்பின் எண்ணால் வகுப்பானாயின் விடை முற்றும் கெடும். ஒரே மொழியினராகிய நாம் கடலின் இருகரையிலும் ஒரே சொல்லை இருபொருளில் வழங்கும் இந்நிலையைத் தீர்த்தல், 1936இல் தொடங்கிய பணியின் எஞ்சிய பகுதியாகும். அதுவரையிலும், எண்ணின் அருகே நிற்கும் அலகை நோக்குமாறு மாணவரைப் பழக்குதல் ஆசிரியர் கடன். கிலோகிராம் என்றிருப்பின் திணிவு. நியூற்றன் என்றிருப்பின் பாரம். சொல் மயங்கினும் அலகு மயங்காது.

ஹேர்ட்ஸ் தாம் தேடாத ஒன்றைக் கண்டபோது அதனைப் புறக்கணித்திலர். எல்ஸ்ரரும் கைற்றெலும் பள்ளிக்கூடம் போதாது என்று சோர்ந்திலர். மில்லிக்கன் தமக்கு உடன்படாத விடையை மறைத்திலர். போஸ் மாணவருக்கு விளங்காததை விளங்கியதாகப் பாவனை செய்திலர். அடிகளார் தமிழில் இயலாது என்றிலர். இவர்கள் யாவரும் சேர்ந்து எழுதியதே அந்த ஐந்து வரி. இனிமேல் நம் மாணவர் அக்கணக்கை எழுதும்போது, ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அதனைத் தந்தவரின் பெயரையும் ஒருமுறை எழுதிப் பார்ப்பாராக. பரீட்சகர் அதற்குப் புள்ளி வழங்கார். ஆயினும் அவ்வாறு ஒருமுறை எழுதியவர் அச்சூத்திரத்தைப் பின்னர் மறக்கமாட்டார்.